பேட்சா, சொட்டு மருந்தா, விளையாட்டா? சோம்பேறிக் கண்ணுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

எங்கள் மகளுக்கு 5 வயதில், பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில்தான் தெரியவந்தது. வலக்கண் 6/6. இடக்கண் 6/24, அதாவது நல்ல பார்வை உள்ளவர் 24 மீட்டரில் வாசிப்பதை அந்தக் கண் 6 மீட்டரில்தான் வாசிக்கும். சோம்பேறிக் கண் என்றார்கள்: சின்ன வயதில் மூளை ஒரு கண்ணின் படத்தை வாசிக்கப் பழகாததால் அந்தக் கண்ணில் பார்வை குறைவது. மாறுகண் கிடையாது, கண் சிவந்ததில்லை, தலைவலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரே கண்ணை வைத்துக்கொண்டு ஓடியாடியிருக்கிறாள். வீட்டில் நான்கு பெரியவர்கள் இருந்தும் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஒன்றரை வருடத்தில் கண்ணாடி, பேட்ச் (நல்ல கண்ணை ஒட்டி மூடுவது), அட்ரோபின் (நல்ல கண்ணை மங்கலாக்கும் சொட்டு மருந்து) மூன்றையும் பார்த்துவிட்டோம். இரண்டு கண்களையும் சேர்த்துத் திரையில் ஆடவைக்கும் விளையாட்டு சிகிச்சையைப் பற்றி நிறைய விசாரித்து, கடைசியில் வேண்டாம் என்று விட்டோம். இப்போது மாதத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். "பேட்ச் போடச் சொல்றாங்க, பிள்ளை பிடுங்கிப் போட்டுடறா. சொட்டு மருந்துக்கு மாறலாமா? அமெரிக்காவுல ஏதோ விஆர் (கண்ணில் மாட்டிக்கொண்டு படம் பார்க்கும் மெய்நிகர் கருவி) வந்திருக்காமே?" அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. முடிவை உங்கள் குழந்தையின் கண்ணைப் பார்த்த டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சில் வெறுமனே தலையாட்டாமல், சரியான கேள்விகளைக் கேட்க இது உதவும்.

தொடங்கும் முன் ஒன்று. பிறவிக் கண்புரை, கண்ணை மறைக்கும் அளவுக்குச் சரிந்த இமை ஆகியவற்றால் வந்த சோம்பேறிக் கண் என்றால், இந்த ஒப்பீடு உங்களுக்கு இரண்டாவது படிதான். முதலில் அந்தத் தடையை நீக்க வேண்டும். கைக்குழந்தை என்றால் வாரக்கணக்கில்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மாறுகண்ணால் வந்தது என்றாலும் அறுவை சிகிச்சை கண்ணை நேராக்குமே தவிர, பார்வையைத் தானாக மீட்டுத் தராது. "மாறுகண் அதிர்ஷ்டம், அப்படியே விடு" என்று ஊரில் சொல்வதைக் கேட்டுக் காத்திருந்த குழந்தைகள் இழந்தது பார்வையை.

## கோளாறு எங்கே இருக்கிறது

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் எனக்குத் தீர்ந்தது, மூளையில் என்ன நடக்கிறது என்று புரிந்த பிறகுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1960களின் தொடக்கத்தில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணின் இமையைத் தைத்து மூடிவைத்தார்கள். பிறகு திறந்து பார்த்தபோது மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் நரம்பணுக்கள் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தன. அவை மற்றக் கண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டன. இரண்டு கண்களையும் சேர்த்து மூடியபோது இழப்பு அந்த அளவுக்கு இல்லை. அப்படியென்றால் பயன்படுத்தாததால் மட்டும் இது நடக்கவில்லை. இரண்டு கண்களும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன, ஒன்று தோற்கிறது. இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் போட்டிக்கு 1982இல் ஒரு கணித விதி எழுதினார்கள் எலி பீனன்ஸ்டாக், லியான் கூப்பர், பால் மன்ரோ. கூப்பர் மீக்கடத்துத்திறன் ஆய்வுக்காக ஏற்கனவே 1972இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். பிறகு மூளைப் பக்கம் வந்தவர். மூவரின் பெயரையும் சேர்த்து பிசிஎம் விதி என்கிறார்கள். அதன் சாரம் இது: ஒரு கண்ணிலிருந்து சேதி வரும் நேரத்தில் நரம்பணு ஒரு வரம்புக்கு மேல் துடித்தால் அந்த இணைப்பு பலப்படும். வரம்புக்குக் கீழே துடித்தால் பலவீனப்படும். அந்த வரம்பும் நிலையானதில்லை. நம் ஊர் கட்-ஆஃப் மதிப்பெண் மாதிரி. நரம்பணு சில காலமாக நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தால் வரம்பு ஏறும், அடங்கிக் கிடந்தால் இறங்கும்.

இதை வைத்துச் சோம்பேறிக் கண்ணைப் பாருங்கள். நல்ல கண் தெளிவான படம் அனுப்புவதால் கட்-ஆஃப் உயரத்தில் நிற்கிறது. மங்கிய கண் அனுப்பும் சேதியால் அதைத் தொட முடிவதில்லை. தொட முடியாத ஒவ்வொரு முறையும் அதன் இணைப்பு இன்னும் கொஞ்சம் தேய்கிறது. படமில்லாத வெறும் இரைச்சல், அதாவது அர்த்தமில்லாத சிதறல் சேதி, வந்தால் தேய்மானம் இன்னும் வேகம்.

இரைச்சல் பற்றிய இந்தக் கணிப்பு விசித்திரமானது. கண் சுத்தமாக மௌனமாக இருப்பதைவிட, மூடிய இமைக்குள் விழித்திரை முணுமுணுத்துக்கொண்டிருப்பதே அந்தக் கண்ணுக்கு அதிகக் கேடு என்கிறது கணக்கு. 1999இல் மார்க் பேர் குழுவினர் பூனைக்குட்டிகளில் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு இமையை மூடினார்கள், இன்னொரு குழுவுக்கு மருந்தால் விழித்திரையையே மௌனமாக்கினார்கள். இமை மூடிய கண்தான் அதிகம் இழந்தது. காகிதத்தில் எழுதிய விதி உயிருள்ள மூளையில் பலித்தது என்று படித்த அன்று எனக்கு இந்தச் சிகிச்சையின் மேலேயே ஒரு நம்பிக்கை வந்தது.

பிறகு வந்த ஆய்வாளர்கள் இதே விதியை வைத்துக் கண்ணாடி, பேட்ச், அட்ரோபின், இருகண் சிகிச்சை நான்கையும் கணினியில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். கணினி மாதிரி என்பது மாதிரிதான். குழந்தை பேட்சைப் பிடுங்கி எறிவதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அது எனக்குக் கொடுத்தது: இந்தச் சிகிச்சை நல்ல கண்ணை என்ன செய்கிறது? மூடுகிறதா, மங்கலாக்குகிறதா, வெளிச்சத்தைக் குறைக்கிறதா, அப்படியே விடுகிறதா?

## எதை வைத்து அளப்பது

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொண்டேன். எத்தனை வரி பார்வை மீள்கிறது, அதற்குச் சோதனை ஆதாரம் எவ்வளவு வலு? குழந்தை அதை உண்மையிலேயே செய்யுமா? நல்ல கண்ணுக்கு என்ன ஆபத்து? இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கப் பழகுமா? கடைசியாக, சீட்டில் எழுதாத செலவுகள் எவை? வரி என்று நான் சொல்வது கண் டாக்டர் அறையில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையில் ஒரு வரி.

இந்த ஐந்தில் எடை அதிகம் இரண்டாவதற்குத்தான். ஏன் என்று பேட்ச் பகுதியில் வரும்.

## கண்ணாடி மட்டும்

இது மற்றவற்றுக்குப் போட்டி இல்லை, அடித்தளம். பவர் கோளாறு இருக்கிற குழந்தைக்கு எந்த வழி என்றாலும் கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் மகளுக்கு வலக்கண் பிளஸ் 1, இடக்கண் பிளஸ் 4. கண்ணாடி மாட்டிய நாளிலேயே பார்வை வந்துவிடும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. மங்கிய படத்தையே வருடக்கணக்கில் பார்த்த மூளைக்குத் தெளிவான படம் வந்தாலும் அதை வாசிக்கப் பழக வாரங்கள் ஆகும். விதியின் மொழியில் சொன்னால், நல்ல கண் வரம்பை உயரத்திலேயே வைத்திருக்கிறது, ஆனால் மங்கிய கண்ணும் இப்போது அதே படத்தைத் தெளிவாக அனுப்புவதால் மெல்ல மெல்ல ஏறிப் பிடிக்கிறது.

மெதுவாக என்றாலும் பலன் சின்னதில்லை. அமெரிக்காவின் பீடிக் என்ற குழந்தைக் கண்நோய் ஆய்வுக்குழு 3 முதல் 7 வயதுக்குள் இருந்த 84 குழந்தைகளுக்கு, பவர் வித்தியாசத்தால் வந்த சோம்பேறிக் கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் கொடுத்துப் பார்த்தது. 77 சதவீதம் பேருக்கு இரண்டு வரியோ அதற்கு மேலோ கூடியது. 27 சதவீதம் பேருக்குக் கோளாறே தீர்ந்தது. நான்கில் ஒரு குழந்தைக்கு மேல் பேட்சே தேவைப்படவில்லை!

அதனால் கண்ணாடி போட்டு 18 வாரம் வரை காத்திருந்துவிட்டுப் பேட்ச் தொடங்கலாம் என்ற வழக்கம் வந்தது. 2024இல் வெளியான யூபேட்ச் என்ற ஐரோப்பிய ஆய்வு இதை நேருக்கு நேர் சோதித்தது. மூன்று வாரத்திலேயே பேட்ச் தொடங்கிய குழுவில் 67 சதவீதம் பேருக்கும், 18 வாரம் காத்திருந்த குழுவில் 54 சதவீதம் பேருக்கும் வெற்றி. பார்வை ரொம்பக் குறைவாக இருந்தாலோ, குழந்தைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தாலோ நான் காத்திருக்க மாட்டேன். மிதமான குறைபாடு, சின்ன வயது, மாதாமாதம் முன்னேற்றம் தெரிகிறது என்றால் காத்திருக்கலாம்.

மறைவான செலவு, கண்ணாடியை விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும் என்பது. "படிக்கும்போது மட்டும் போட்டால் போதுமே" என்று பாட்டி தாத்தா கழற்றி வைத்துவிடுவார்கள். ஃபிரேம் மூக்கிலிருந்து சரிந்தால் குழந்தை கண்ணாடிக்கு மேலே பார்க்கும். காதுக்குப் பின்னால் பட்டை உள்ள ஃபிரேமுக்குக் கொடுத்த காசு எங்களுக்கு வீணாகவில்லை.

## பேட்ச்

நல்ல கண்ணை ஒட்டி மூடுவது. 1743இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பூஃபோன் இதைப் பரிந்துரைத்தார். இத்தனை நூற்றாண்டுகள் கழித்தும் இதுதான் மற்ற எல்லாச் சிகிச்சைகளுக்கும் அளவுகோல்.

விதிப்படி இதில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மூடிய நல்ல கண்ணிலிருந்து இப்போது இரைச்சல் மட்டும் வருகிறது, அதனால் அதன் பிடி தளர்கிறது. நரம்பணுக்கள் மொத்தத்தில் குறைவாகத் துடிப்பதால் கட்-ஆஃப் இறங்குகிறது. அதுவரை தொட முடியாத மங்கிய கண்ணின் சின்னச் சேதிகள் அந்த இறங்கிய வரம்பைத் தாண்டுகின்றன. இதைப் புரிந்துகொண்டால் பேட்சின் பலமும் ஆபத்தும் ஒன்றுதான் என்று தெரியும். நல்ல கண்ணின் பிடி அளவுக்கு மீறித் தளர்ந்தால் அதன் பார்வையும் குறையும். நாள் முழுக்க மூடச் சொல்லியிருந்தால், குழந்தையின் வயது எத்தனையோ அத்தனை வாரத்துக்குள் பரிசோதனைக்கு வரச் சொல்வது இதனால்தான். தினம் இரண்டு மணி நேரம் என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு.

எத்தனை மணி நேரம்? 6/12 முதல் 6/24 வரையிலான மிதமான குறைபாட்டில், பீடிக் குழு 189 குழந்தைகளில் தினம் 2 மணி நேரத்தையும் 6 மணி நேரத்தையும் ஒப்பிட்டது. நான்கு மாத முடிவில் இரண்டு குழுவுக்கும் 2.4 வரிதான் கூடியிருந்தது. கடுமையான குறைபாட்டில் 6 மணி நேரமும் நாள் முழுக்கவும் ஏறக்குறைய ஒரே பலன். இதைப் படித்ததும் எங்களுக்கு மூச்சு வந்தது.

ஆனால் அந்த முடிவுக்குள் ஒரு சூட்சுமம் உண்டு. அவை சீட்டில் எழுதிய மணி நேரங்கள். இங்கிலாந்தில் மோட்டாஸ் என்ற ஆய்வில் பேட்சிலேயே சின்ன மின்னணுக் கருவி வைத்து, உண்மையில் எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்று அளந்தார்கள். எழுதிக் கொடுத்ததில் ஏறக்குறைய பாதிதான் நடந்திருந்தது. உண்மையான நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டபோது, சுமார் 120 மணி நேரத்துக்கு ஒரு வரி என்று வந்தது. இந்த ஒரு எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டிவையுங்கள். தினம் 2 மணி நேரம் ஒழுங்காகப் போட்டால் ஒரு வரிக்கு இரண்டு மாதம். தினம் ஒரு மணி நேரம்தான் நடக்கிறது என்றால் நான்கு மாதம். "மூணு வாரமாப் போடறோம், ஒண்ணும் தெரியலையே" என்று அழுகிற அம்மாக்களுக்கு நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

நாங்களும் தவறு செய்தோம். தினம் 2 மணி நேரம் போடுகிறோம் என்று டாக்டரிடம் சொன்னோம். நாட்காட்டியில் குறிக்கத் தொடங்கியபோதுதான் வாரத்துக்கு ஆறு, ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை என்று தெரிந்தது. பிறந்தநாள் விழா, வெயில், காய்ச்சல், "இன்னிக்கு ஒருநாள் வேண்டாம்மா". நாங்கள் சொன்னதை நம்பி டாக்டர் நேரத்தைக் கூட்டியிருந்தால் அது எங்கள் பொய்யின் விளைவாகத்தான் இருந்திருக்கும்.

மறைவான செலவுகள் இங்கேதான் அதிகம். நம் ஊர் வியர்வையில் ஒட்டும் பேட்ச் காலையில் ஒட்டினால் மதியம் தொங்கும். தோல் சிவந்து புண்ணாகும். பேட்சை மெல்ல நனைத்து எடுப்பதும் ஒட்டும் கோணத்தைத் தினம் மாற்றுவதும் உதவும். கண்ணாடிக்கு மேல் மாட்டும் துணிப் பேட்சில் தோல் தப்பிக்கும், ஆனால் குழந்தை ஓரத்தில் எட்டிப் பார்க்கும். வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் கேலி தனி. எங்கள் மகள் பள்ளியில் போட மறுத்தாள், நாங்களும் வற்புறுத்தவில்லை. மாலை 5 முதல் 7 வரை வீட்டில் போட்டோம். அந்த நேரத்தில் எழுத்து வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று பலர் பயமுறுத்தினார்கள். 425 குழந்தைகளை வைத்து நடந்த பீடிக் ஆய்வில், பேட்ச் நேரத்தில் அருகில் பார்க்கும் வேலை செய்தவர்களுக்கும் தூரத்தில் பார்க்கும் வேலை செய்தவர்களுக்கும் வித்தியாசம் வரவில்லை. வீட்டுப்பாடத்தோடு சண்டையையும் சேர்க்க வேண்டாம். பல்லாங்குழி ஆடினாலும் சரி, பந்து விளையாடினாலும் சரி.

## அட்ரோபின்

நல்ல கண்ணில் 1 சதவீத அட்ரோபின் சொட்டோ களிம்போ போடுவது. கண்மணி விரிந்துவிடும், அருகில் குவிக்கும் சக்தி போய்விடும், புத்தகம் மங்கலாகும். அருகில் பார்க்க மூளை வேறு வழியின்றி மங்கிய கண்ணைத் தேடும்.

இதில் நல்ல கண் மூடவில்லை, கலங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பெரிய உருவங்களையும் தூரத்துக் காட்சியையும் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் விதிப்படி கட்-ஆஃப் பேட்சில் இறங்கும் அளவுக்கு இறங்காது. முன்னேற்றம் மெதுவாகத் தொடங்க வேண்டும். நடந்ததும் அதுதான். 2002இல் வெளியான ஆய்வில் 419 குழந்தைகள். முதல் வாரங்களில் பேட்ச் முந்தியது. ஆறு மாதத்தில் பேட்ச் 3.16 வரி, அட்ரோபின் 2.84 வரி. அந்தக் குழந்தைகளைப் பத்து வயது தாண்டியும் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. தினமும் போட வேண்டியதுகூட இல்லை. சனி, ஞாயிறு மட்டும் போட்டாலும் தினம் போடுவதற்குச் சமமான பலன் என்று 168 குழந்தைகளில் காட்டினார்கள்.

பேட்சைவிட இதற்கு ஒரு பெரிய வசதி: போட்டுவிட்டால் குழந்தையால் கழற்ற முடியாது. இரண்டாவது அளவுகோலில் இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். பேட்ச் போராட்டம் முற்றி, மாலை முழுக்க அழுகையாகிவிட்ட பிறகு நாங்கள் வார இறுதி அட்ரோபினுக்கு மாறினோம். வீட்டில் நிம்மதி திரும்பியது.

ஆனால் வெயிலைப் பற்றிப் பேசியாக வேண்டும். விரிந்த கண்மணிக்கு வெளிச்சம் கூசும். ஒருமுறை போட்டால் அதன் தாக்கம் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கலாம். எனவே வார இறுதியில் போட்டாலும் திங்கட்கிழமை விளையாட்டு வகுப்பில் தொப்பியும் கூலிங் கிளாஸும் வேண்டும். அட்ரோபின் வியர்வையைக் குறைக்கும் மருந்து. உடம்பில் அதிகம் சேர்ந்தால் முகம் சிவப்பது, வாய் உலர்வது, காய்ச்சல், நெஞ்சு படபடப்பு வரும். மே மாதத்தில் இது லேசான விஷயமில்லை. சொட்டு விட்டதும் கண்ணின் மூக்கோர மூலையை ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டை வழியே இறங்குவது குறையும். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் களிம்பு கேட்டு வாங்கலாம். புட்டியைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. நல்ல கண் மைனஸ் பவர் கண்ணாக இருந்தால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அருகில் நன்றாகவே பார்த்துக்கொள்ளும், அட்ரோபின் ஏமாந்துவிடும். நல்ல கண்ணில் பிளஸ் பவர் உள்ள குழந்தைக்கு இது நன்றாகப் பலிக்கும்.

## இருகண் விளையாட்டும் விஆர் சிகிச்சையும்

நல்ல கண்ணைத் தண்டிக்காமல், இரண்டு கண்களையும் சேர்த்து வேலை வாங்குவது இதன் யோசனை. நல்ல கண்ணுக்குப் படத்தை மங்கிய சாம்பல் நிறத்தில் காட்டி, பலவீனமான கண்ணுக்குப் பளிச்சென்று காட்டுவார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் ஆட்டம் ஆட முடியும். மாதிரியின் பார்வையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. மூடிய கண் இரைச்சல் அனுப்புவதற்குப் பதில் இரண்டு கண்களும் ஒரே காட்சியை அனுப்புகின்றன. பலவீனமான கண்ணின் சேதி, நரம்பணு நன்றாகத் துடிக்கும் நேரத்திலேயே வந்து சேர்கிறது. நல்ல கண்ணுக்கு இழப்பில்லாமலே ஜெயிக்க வழி கிடைக்கிறது.

காகிதத்தில் இவ்வளவு அழகாக இருப்பதாலேயே பலர் இதற்குத் தாவுகிறார்கள். சோதனைகளில் கதை கலவையாக இருக்கிறது. 2016இல் 385 குழந்தைகளில், ஐபேடில் கட்டைகள் விழும் ஆட்டத்தைத் தினம் ஒரு மணி நேரம் ஆடுவதையும் 2 மணி நேரப் பேட்சையும் ஒப்பிட்டார்கள். பேட்ச் 1.35 வரி, விளையாட்டு 1.05 வரி. சொன்ன அளவில் முக்கால் பங்குக்கு மேல் ஆடியவர்கள் 22 சதவீதம்தான். விளையாட்டு என்றால் குழந்தை தானே ஆடும் என்று நினைக்கிறோம். தினமும் ஒரே ஆட்டத்தை மருந்தாக ஆடச் சொன்னால் அதுவும் வீட்டுப்பாடம்தான். 2019இல் இன்னொரு ஆட்டத்தை 7 முதல் 12 வயதுக் குழந்தைகளிடம் சோதித்தபோது, கண்ணாடி மட்டும் போட்டவர்களைவிட அதிகப் பலன் இல்லை.

ஆட்டத்தை விட்டுவிட்டு, குழந்தை விரும்பும் படங்களையே பார்க்கவிட்ட அடுத்த தலைமுறைக் கருவிகள் நன்றாகச் செய்கின்றன. விஆர் கண்ணாடியில் படம் காட்டும் லுமினோபியா, 105 குழந்தைகளின் ஆய்வில் 12 வாரத்தில் 1.8 வரி கூட்டியது. கண்ணாடி மட்டும் போட்டவர்களுக்கு 0.8 வரி. 2021இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. இஸ்ரேலின் கியூர்சைட், பார்வை எங்கே போகிறது என்று தொடர்ந்து, நல்ல கண்ணுக்குப் படத்தின் நடுப்பகுதியை மட்டும் மங்கலாக்குகிறது. தினம் 90 நிமிடம், வாரம் 5 நாள், 16 வாரம். 103 குழந்தைகளில் 2 மணி நேரப் பேட்சுக்குக் குறைவில்லை என்று காட்டி, 2022இல் அனுமதி வாங்கியது.

ஆக, நன்றாகச் செய்யப்பட்ட இருகண் கருவி பேட்சுக்குச் சமம் என்று இப்போது சொல்லலாம். மேல் என்று சொல்ல முடியாது. இரண்டு கண்களும் சேர்ந்து பழகுவதால் ஆழப்பார்வை மிக நன்றாக மீளும் என்ற எதிர்பார்ப்புக்கும் பேட்சைத் தாண்டிய தெளிவான சான்று இன்னும் வரவில்லை. நம் ஊரில் சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டுக் கணினியில் ஆடும் பயிற்சிகளைப் பல இடங்களில் தருகிறார்கள். மொத்தப் பயிற்சிக்கும் சேர்த்து முன்பணம் கட்டும் முன், உங்கள் குழந்தையின் வயதில், இதே மென்பொருளை, எதோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். எனக்கு ஓரிடத்தில் பதிலுக்குப் பதில் தள்ளுபடிதான் கிடைத்தது. வேண்டாம் என்று விட்டது அதனால்தான்.

மறைவான செலவுகள்: பணம், தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை, பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர். மாறுகண் உள்ள பெரிய குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இரட்டைப் பார்வை வரும் அபாயம் உண்டு. மாறுகண் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் தொடங்கக் கூடாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | கண்ணாடி மட்டும் | பேட்ச் | அட்ரோபின் | இருகண் கருவி |
|---|---|---|---|---|
| நல்ல கண்ணை என்ன செய்கிறது | அப்படியே விடுகிறது | மூடுகிறது | அருகில் மங்கலாக்குகிறது | படத்தை மட்டும் மங்கலாக்குகிறது |
| வேகம் | மெதுவு | அதிகம் | தொடக்கத்தில் மெதுவு, பிறகு சமம் | கருவியைப் பொறுத்தது |
| ஆதாரம் | வலுவானது | மிக வலுவானது | மிக வலுவானது | கலவை. புதிய கருவிகளுக்கு நல்லது |
| குழந்தை ஒத்துழைப்பு | எளிது | கடினம் | தேவையே குறைவு | முதல் மாதம் எளிது, பிறகு சலிப்பு |
| நல்ல கண்ணுக்கு ஆபத்து | இல்லை | நீண்ட நேரம் மூடினால் உண்டு | குறைவு, கண்காணிப்பு வேண்டும் | மிகக் குறைவு |
| மறைவான செலவு | முழுநேரமும் போட வைப்பது | தோல், கேலி, மாலைச் சண்டை | வெயில், கூச்சம், பக்கவிளைவு | பணம், திரை நேரம் |

என் தேர்வு இப்படிப் போகும். எல்லோருக்கும் முதலில் கண்ணாடி. பார்வை 6/60க்குப் பக்கத்தில், அல்லது வயது ஏழைத் தாண்டுகிறது என்றால் சீக்கிரமே பேட்ச். மிதமான குறைபாடு, நல்ல கண்ணில் பிளஸ் பவர், வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், பேட்சைக் கண்டாலே அலறும் குழந்தை என்றால் வார இறுதி அட்ரோபின். தொடங்குவதை மட்டும் கோடை கழியும் வரை தள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். இரண்டையும் ஒழுங்காக முயன்றும் நடக்கவில்லை, சோதித்த கருவி கைக்கெட்டுகிறது என்றால் இருகண் சிகிச்சை.

## நிறுத்தும்போது

யாரும் முன்கூட்டிச் சொல்லாத பகுதி இது. எங்கள் மகள் 6/9 தொட்டதும், ஒரு கிளினிக்கில் "போதும், நிறுத்திவிடலாம்" என்றார்கள். அன்றே நிறுத்தினோம். ஐந்து மாதத்தில் 6/15. அவள் எழுத்துகளை வாசிக்கத் திணறியபோது அந்த அறையில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. சிகிச்சையை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் சுமார் நான்கில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி சரிகிறது. 6 முதல் 8 மணி நேரம் பேட்ச் போட்டுத் திடீரென்று நிறுத்தியவர்களில் 42 சதவீதம் பேருக்குச் சரிந்தது. 2 மணி நேரமாகக் குறைத்து, பிறகு நிறுத்தியவர்களில் 14 சதவீதம்தான். விதிப்படியும் அப்படித்தான் இருக்க வேண்டும்: மூடியிருந்த நல்ல கண் முழு பலத்தோடு திரும்பினால் கட்-ஆஃப் ஒரேயடியாக ஏறும், வேரூன்றாத இணைப்புகள் மறுபடி தேயும். எந்தச் சிகிச்சையைத் தொடங்கினாலும், "எப்படிக் குறைத்து நிறுத்துவோம்?" என்று முதல் நாளே கேளுங்கள். நாங்கள் மறுபடி தொடங்கி, மெல்லக் குறைத்து, இப்போது 6/9இல் நிற்கிறாள்.

## எட்டு வயது தாண்டிவிட்டால்

கதவு சாத்தியாயிற்று என்று பழைய பேச்சு. அது சரியில்லை. பீடிக் குழு 507 பேரில் சோதித்தபோது, 7 முதல் 12 வயதில் கண்ணாடியோடு பேட்சும் அட்ரோபினும் சேர்த்தவர்களில் 53 சதவீதம் பேருக்கு இரண்டு வரியோ அதற்கு மேலோ கூடியது. கண்ணாடி மட்டும் என்றால் 25 சதவீதம். 13 முதல் 17 வயதில், முன்பு சிகிச்சையே பெறாதவர்களுக்குப் பேட்ச் சேர்த்தபோது 47 சதவீதம், சேர்க்காதபோது 20. ஆகவே, பதின்மூன்று வயதில் முதல்முறை கண்டுபிடித்த குழந்தையிடம் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். மூளையைத் தூண்ட லெவோடோபா மாத்திரை சேர்த்தால் நல்லது என்ற பேச்சும் வரும். அதைப் பேட்சோடு சேர்த்துச் சோதித்தார்கள், வெற்று மாத்திரையைவிடப் பலன் இல்லை.

பெரியவர்களுக்கு இன்று நிலையான சிகிச்சை எதுவும் இல்லை, ஆனால் ஆய்வு நிற்கவில்லை. விழித்திரையின் இரைச்சலையே நிறுத்தினால் என்ன என்று அந்தப் பழைய கணிப்பிலிருந்து கிளம்பிய கேள்வி, 2021இல் பூனைகளிலும் எலிகளிலும் பலித்தது. கற்கும் பருவம் தாண்டிய விலங்குகளில் நல்ல கண்ணைச் சில நாள் மருந்தால் மௌனமாக்கியபோது பலவீனமான கண் மீண்டது. மனிதருக்கு இது இன்னும் வரவில்லை. வரும் வரை, நல்ல கண்ணைக் காப்பாற்றிக்கொள்வது முக்கியம். உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட கண்ணாடியைக் கிரிக்கெட் ஆடும்போதும் கழற்றவிடாதீர்கள்.

கடைசியாக, சோம்பேறிக் கண் உள்ள குழந்தைக்குத் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் வரும் வாய்ப்பு சற்று அதிகம். எங்கள் மகனை மூன்றரை வயதில் கூட்டிக்கொண்டு போனோம். எழுத்து தெரியாது, படங்களைக் காட்டிக் கேட்டார்கள். இடக்கண்ணை மூடியபோது பூனை என்றான், வலக்கண்ணை மூடியபோதும் பூனை என்றான். அவன் அக்கா பக்கத்தில் நின்று கைதட்டினாள்.